இரண்டு காலிக் கட்டங்கள்: ‘நையாட்’ படம் பற்றிச் சில குறிப்புகள்

‘நையாட்’ படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை 2023 நவம்பரில், நெட்ஃபிளிக்ஸில் வந்த வாரத்திலேயே. ரொம்பப் பிடித்திருந்தது, நாலு பேரிடம் பார்க்கச் சொன்னேன். இரண்டாவது முறை போன மாதம், நெய்வேலி வீட்டில், கத்திரி வெயிலுக்கு ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு. இந்த முறை படம் அவ்வளவு பிடிக்கவில்லை. படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை என்பதால், மாறியது நான்தான். இரண்டுக்கும் நடுவில் கடலில் நெடுந்தூரம் நீந்துபவர்களுக்கான ஒரு பயிற்சி முகாமில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன். நீந்துவதற்கு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். டயானா நையாட் அமெரிக்க நெடுந்தூர நீச்சல்காரர். 1978-இல், 28 வயதில், கியூபாவின் ஹவானாவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு நீந்த முயன்று முடியாமல் போனது. பிறகு நீச்சலையே விட்டுவிட்டார். 60 வயதில் அந்தப் பழைய கணக்கு மறுபடி தலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2011-இல் இரண்டு முறை, 2012-இல் ஒரு முறை, எல்லாம் தோல்வி. 2013 ஆகஸ்ட் 31 காலையில் ஐந்தாவது முறையாக ஹவானாவில் கடலில் இறங்கி, செப்டம்பர் 2 மதியம் கீ வெஸ்ட் கரையில் நடந்து ஏறுகிறார். 177 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 53 மணி நேரம், வயது 64. நையாடாக அனெட் பெனிங், அவர் தோழியும் பயிற்சியாளருமான பானி ஸ்டோலாக ஜோடி ஃபாஸ்டர். இரண்டு பேருக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஃபாஸ்டர் படகின் விளிம்பில் குனிந்து நின்று தண்ணீருக்குள் இருப்பவளிடம் பேசுகிற இடங்கள் எல்லாம் அருமை.

இந்தப் படம் சரியாகப் பிடித்த விஷயம், நெடுந்தூர நீச்சல் தனி ஆள் விளையாட்டு அல்ல என்பது. நீந்துவது ஒரு ஆள், நீந்த வைப்பது ஒரு படகு. ரீஸ் இஃபான்ஸ் நடித்த ஜான் பார்ட்லெட் பாத்திரம் நேவிகேட்டர். கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் எந்த நாளில் எந்தப் பக்கம் தள்ளும் என்று வரைபடத்தின்மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே இருப்பார். அவர் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். நையாடுக்கு அது பிடிக்காது. இந்த உரசல் படம் முழுக்க வருகிறது, உண்மையாகவும் இருக்கிறது. இரண்டாம் இரவில் நையாடுக்குக் கடலுக்கு நடுவில் தாஜ்மஹால் தெரிகிறது. சிரிப்பு வரும், ஆனால் தூக்கமில்லாமல் உப்புத் தண்ணீரில் அவ்வளவு நேரம் கிடந்தால் அப்படித்தான் ஏதாவது தெரியுமாம். முகாமில் ஒருவருக்குத் தண்ணீரில் தன் வீட்டு நாய் தெரிந்ததாம்.

சரி, முகாம். ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கடல் நீச்சல்காரர். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பிப்ரவரியில் ஒரு சின்னக் குழு மூன்று நாள் பயிற்சி வைத்திருந்தது. படகில் உட்கார்ந்து குறிப்பு எழுத ஆள் தேவை. “உனக்குத்தான் எக்செல் ஷீட்னா உயிராச்சே, வா” என்றார். நீச்சல் என்ற அளவில் நான் பம்புசெட் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவன். நெய்வேலியில் எங்கள் வயதுப் பையன்களுக்கு 1994-தான் நீச்சல் வருஷம். குற்றாலீஸ்வரன் என்ற 12 வயதுப் பையன் ஒரே வருஷத்தில் பாக் நீரிணையில் தொடங்கி ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு கடல் பகுதிகளை நீந்திக் கடந்துவிட்டான் என்று பேப்பரில் படம் வந்தது. ஒரே வருஷத்தில் ஐந்து என்ற மிஹிர் சென்னின் 1966-ஆம் வருஷச் சாதனையை அது தாண்டியது. அதைப் பார்த்த பெற்றோர் எல்லாம் அடுத்த கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் தண்ணீரில் தள்ளினார்கள். என்னைத் தள்ளியது என் மாமா. கடலுக்கும் எனக்கும் சம்பந்தம் கடலூர் சில்வர் பீச்சில் முட்டளவு தண்ணீர் வரைக்கும்தான்.

கோடை முகாம் என்றால் நமக்கு ஸ்கூல் லீவில் நீச்சல் குளம். ஐரோப்பிய நெடுந்தூர நீச்சல்காரர்களுக்கு அது வேறு. அவர்கள் ஊரில் வசந்த காலத்திலும் கடல் பல்லைக் கிட்டிக்க வைக்கும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் ஸ்பெயினின் மயோர்கா தீவு மாதிரி இடங்களுக்குப் போய், மணிக்கணக்கில் நீந்தப் பழகுவார்கள். ஆங்கிலக் கால்வாயை நீந்த விண்ணப்பிக்க வேண்டுமானால், 16 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த தண்ணீரில் ஆறு மணி நேரம் நீந்திய சான்று வேண்டும். நம் ஆட்களுக்குச் சிக்கல் தலைகீழ். நீந்த வருஷம் முழுக்க வெதுவெதுப்பான கடல் இருக்கிறது, 16 டிகிரிக்கு எங்கே போவது? நையாடுக்கு இது பிரச்சினையே இல்லை. அவர் கடக்க நினைத்தது சூடான கடல். பயிற்சியும் கரீபியனில், செயின்ட் மார்ட்டின் தீவில்.

வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் சுலபம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். முகாமின் முதல் நாள் மாலை பயிற்சியாளர் அதைத்தான் முதலில் உடைத்தார். குளிர்ந்த தண்ணீரில் உடம்பு எச்சரிக்கும். நடுங்கும், விரல் விரியாது, பேச்சு குழறும். சூடான தண்ணீரில் எச்சரிக்கை கம்மி. உழைக்கிற தசை உண்டாக்குகிற சூடு வெளியே போக வழி இல்லை. தண்ணீருக்குள் வியர்த்தாலும் அந்த வியர்வை ஆவியாகாது, அதனால் உடம்பு குளிராது. உள்ளே நீர் வற்றுவதும் தெரியாது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் பந்தயத்தில் அமெரிக்காவின் ஃபிரான் கிரிப்பன் இறந்தது இப்படி ஒரு வெந்நீர்க் கடலில்தான். வயது 26. உலகத்தரமான வீரர், குறுகிய தூரம், பந்தயம் நடத்தியது சர்வதேச அமைப்பு. அவர் கரைக்கு வரவில்லை என்பதையே மற்றவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் கவனித்தார்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் 31 டிகிரிக்கு மேல் இருந்தால் பந்தயம் கூடாது என்ற விதி வந்தது. ‘நையாட்’ படத்தில் சுறா உண்டு, பெட்டி ஜெல்லியின் கொடுக்கு உண்டு, புயல் உண்டு. தண்ணீரின் சூடு ஒரு ஆபத்து என்ற எண்ணம் எங்குமே உறைக்கவில்லை. கேமராவில் தெரிகிற ஆபத்துகள் மட்டும்தான் படத்தில் ஆபத்துகள்.

என் வேலைக்கு வருகிறேன். இதில் படகில் இருந்து எழுதுகிறவருக்கு அப்சர்வர் என்று பெயர். சாட்சி என்று சொன்னால் இன்னும் சரி. ஒரு ஷீட், அரை மணிக்கு ஒரு வரி. நேரம், ஜிபிஎஸ்படி இடம், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை கை வீச்சு, தண்ணீர் சூடு, காற்று, என்ன குடித்தார், குறிப்பு. கடைசிக் கட்டத்தில்தான் உயிர் இருக்கிறது. படகைத் தொட்டாரா, யாராவது அவரைத் தொட்டார்களா, புலம்பினாரா, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னாரா. பாட்டிலைக் கயிற்றில் கட்டி வீசுவார்கள், மிதந்தபடியே குடித்துவிட்டு விட வேண்டும். படகில் கை வைத்தால் அந்த நீச்சல் அங்கேயே முடிந்தது.

இரண்டாம் நாள் எனக்கு ஒதுக்கிய நீச்சல்காரர் இருபதுகளில் இருக்கும் ஒரு பெண். வங்கி வேலை. ஒரு வருஷம் காலை நாலரைக்கு எழுந்து பயிற்சி செய்து, முதல் முறையாக ஆறு மணி நேர நீச்சலுக்கு இறங்குகிறார். பாக் நீரிணையை நீந்த வேண்டும் என்பது ஆசை. அதற்கான தன் கோப்பில் வைக்கும் முதல் தாள் இதுதான் என்று முந்தின ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். காலை 5:40-க்குத் தொடங்கினோம். ஃபைபர் போட், ஓட்டுகிறவர் உள்ளூர்க்காரர், பாட்டில் வீச ஒரு உதவியாளர், நான். தண்ணீர் 27 டிகிரி. 6:10, 6:40, 7:10, 7:40, 8:10. ஐந்து வரி முத்து முத்தாக எழுதினேன், கை வீச்சு 60, 60, 59, 58, 58.

நீச்சல்காரர் வேகத்துக்குப் படகை ஓட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. எஞ்சினை அணைத்து அணைத்துப் போட வேண்டும். ஓடாத படகு தொட்டில் மாதிரி ஆடும். எட்டரைக்கு எனக்கு வயிற்றைப் பிரட்டியது. “சார், தாளைப் பாக்காதீங்க, தூரத்துல கரையைப் பாருங்க” என்றார் போட்காரர். தாளைப் பார்ப்பதுதானே என் வேலை! அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். மறுபடி நான் பேனாவைப் பிடித்தபோது மணி 9:40. கை வீச்சு எண்ணினேன், 56. 8:40, 9:10 இரண்டு வரிகள் காலி.

11:40-க்கு அவர் ஆறு மணி நேரத்தை முடித்துக் கரை ஏறினார். உதடு வீங்கி, அக்குள் உரசிச் சிவந்து, முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அந்த இரண்டு வரிதான் கண்ணில் நின்றது. முன்னால் 58, பின்னால் 56. நடுவில் இரண்டு கட்டத்திலும் 57 போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வேலையில் தினமும் செய்வதுதான், விட்டுப்போன புள்ளியை இரண்டு பக்கத்துப் புள்ளிகளை வைத்து நிரப்புவது. இடம் வேண்டுமென்றால் அவர் கையில் கட்டியிருந்த வாட்சில் முழுப் பாதையும் பதிவாகியிருக்கிறது. பாட்டில் வீசியவர் கூடவே இருந்தார். நீந்தினார் என்பதில் யாருக்கும் துளி சந்தேகம் இல்லை.

பயிற்சியாளரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “வாட்ச் எங்க போச்சுன்னு வாட்ச் சொல்லும். அவங்க படகைத் தொட்டாங்களா இல்லையான்னு அது சொல்லாது. அதைச் சொல்லத்தான் நீங்க போனீங்க” என்றார். காலியாகவே விட்டு, குறிப்புக் கட்டத்தில் ‘அப்சர்வருக்கு உடல்நிலை சரியில்லை, பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அந்தப் பெண் தாளை வாங்கிப் பார்த்தார். “அந்த நேரத்துலதான் சார் நான் நல்லா நீந்துனேன்” என்றார். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்கப்பா சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பிரிவில் இருந்தவர். வெளியூர்க்காரர்களுக்காக: இங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது. இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரை உப்பி உடைந்துவிடும். ஷிப்டில் ரீடிங் எழுதுவது அப்பாவுக்குச் சந்தியாவந்தனம் மாதிரி. “எழுதலேன்னா ஓடலைன்னு அர்த்தம்” என்பார். பம்பு ஓடியிருக்கும், சத்தம் டவுன்ஷிப் வரை கேட்டிருக்கும், இருந்தாலும் அவருக்கு அது ஓடவில்லை. சின்ன வயதில் இதை அரசாங்க வேலைக்காரரின் பிடிவாதம் என்று நினைத்திருக்கிறேன்.

இதோடுதான் ‘நையாட்’டை மறுபடி பார்த்தேன். படம் முடிகிற இடத்தில் ஒரு நல்ல காட்சி. நையாட் கீ வெஸ்ட் கரைக்கு வருகிறார், கூட்டம் தண்ணீருக்குள் ஓடி வருகிறது, பானி எல்லோரையும் விலக்கித் ‘தொடாதே’ என்று கத்துகிறார். தண்ணீரை விட்டு முழுதாக வெளியே வரும்வரை யாரும் தொடக் கூடாது. முதல் முறை பார்த்தபோது எனக்கு இங்கே கண் கலங்கியது. இரண்டாவது முறை கேட்கத் தோன்றியது: இவ்வளவு விதி தெரிந்த படத்துக்கு மற்ற விதி தெரியாதா?

ஏனென்றால் நிஜத்தில் அந்த நீச்சல் இன்றுவரை நெடுந்தூர நீச்சல் உலகத்தால் முறையாக ஏற்கப்படவில்லை. கரை ஏறிய ஒரு வாரத்துக்குள்ளேயே சக நீச்சல்காரர்கள் கேள்வி கேட்டார்கள். அப்சர்வர் குறிப்புகளில் பல மணி நேரத்துக்கு எழுத்தே இல்லை. நடுவில் ஒரு கட்டத்தில் வேகம் திடீரென்று கூடியிருக்கிறது. நையாட் தரப்பு அதற்குச் சொன்ன காரணம் சாதகமான நீரோட்டம், அது நடக்கக்கூடியதுதான். ஜெல்லியிடமிருந்து காக்கும் உடையை மாட்ட உதவியபோது குழுவினரின் கை பட்டது என்பது இன்னொரு கேள்வி. பத்து வருஷம் கழித்து, 2023-இல், படம் வெளிவந்த அதே பருவத்தில், திறந்தநீர் நீச்சலுக்கான உலகச் சங்கம் ஆவணங்களை மறுபடி அலசிப் பார்த்து அங்கீகரிக்க மறுத்தது. நீந்தவில்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நீந்தினார் என்று காட்டும் தாள் முழுசாக இல்லை, அவ்வளவுதான்.

படத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. இயக்குநர்கள் எலிசபெத் சாய் வாசர்ஹெலி, ஜிம்மி சின் இருவரும் ஆவணப்படத்திலிருந்து வந்தவர்கள். கயிறு இல்லாமல் பாறை ஏறுகிறவரைப் பற்றிய ‘ஃப்ரீ சோலோ’வுக்கு ஆஸ்கர் வாங்கியவர்கள். அந்தப் படத்தின் பலமே, கேமரா அங்கே இருந்தது என்பதுதான். கேமரா இருப்பதால் ஏறுகிறவரின் கவனம் சிதறி அவர் விழுந்துவிடுவாரோ என்று எடுப்பவர்களே பயப்படுவதையும் படத்திலேயே காட்டியிருப்பார்கள். சாட்சியாக இருப்பதன் பாரம் அவர்களுக்குத் தெரியும். ‘நையாட்’டில் அதே ஆட்கள் படகிலிருந்து அப்சர்வரைக் கிட்டத்தட்ட இறக்கியே விட்டார்கள். சமையல்காரர் அளவுக்குக்கூட அவருக்கு இடம் இல்லை.

சினிமாவுக்கு அந்த நுணுக்கமெல்லாம் எதற்கு, இது ஒரு பெண்ணின் விடாமுயற்சியைப் பற்றிய படம் என்று ஒரு நண்பர் சொன்னார். படத்தின் நையாட் பெருமை பேசுகிறவர், சில இடங்களில் மிகைப்படுத்துகிறவர், கூட இருப்பவர்களை வதைக்கிறவர். இதையெல்லாம் படம் ஒளிக்கவில்லை. அப்படி இருக்கும்போது, கரை ஏறிய மறுநாள் இந்த மனுஷியிடம் ‘தாளைக் காட்டு’ என்று அவருடைய துறைக்காரர்களே கேட்டார்கள் என்பது கதைக்கு எவ்வளவு பெரிய பொருள்! 35 வருஷம் விடாமல் துரத்திய ஒன்றைச் செய்து முடித்துவிட்டு, யாரோ ஒருவர் தூங்கிப்போன சில மணி நேரத்துக்காக அது காற்றில் தொங்குவது. எனக்குத் தெரிந்து இந்த விளையாட்டின் உண்மையான சோகம் அதுதான், சுறா இல்லை. படம் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவருடைய கதையின் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டது.

தாள் ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதற்கு 1927-க்குப் போக வேண்டும். அந்த அக்டோபரில் லண்டனில் டைப்பிஸ்டாக வேலை பார்த்த மெர்சிடிஸ் கிளெய்ட்ஸ் ஆங்கிலக் கால்வாயை 15 மணி 15 நிமிஷத்தில் நீந்திக் கடந்தார். சில நாளிலேயே டோரதி லோகன் என்ற டாக்டர் தானும் கடந்ததாக அறிவித்தார், அதுவும் 13 மணி 10 நிமிஷத்தில். ஒரு பத்திரிகை 1000 பவுண்டு பரிசும் கொடுத்தது. கொஞ்ச நாளில் லோகனே சொல்லிவிட்டார்: நான் நீந்தவில்லை, பெரும்பகுதி படகில்தான் வந்தேன், யார் வேண்டுமானாலும் இப்படிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று காட்டத்தான் செய்தேன். இதில் அடிபட்டது கிளெய்ட்ஸ். நிஜமாக நீந்தியவர்மேலும் சந்தேகம் விழுந்தது. அவர் அதே மாதம், தண்ணீர் இன்னும் குளிர்ந்துவிட்ட பிறகு, சாட்சிகளை வைத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். பத்து மணி நேரத்துக்குமேல் தாக்குப்பிடித்தும் முடிக்க முடியவில்லை, தூக்கி எடுத்தார்கள். பார்த்தவர்கள் முதல் நீச்சலை நம்பினார்கள். (அந்த முறை அவர் கழுத்தில் தொங்கியது ஒரு ரோலெக்ஸ். கம்பெனிக்காரர்கள் நல்ல விளம்பரம் தேற்றிக்கொண்டார்கள்.) நீந்துகிறவர்களைக் கண்காணித்துச் சான்று தரும் சேனல் ஸ்விம்மிங் அசோசியேஷன் பிறந்தது அந்த வருஷம்தான். அரை மணிக்கு ஒரு வரி எழுதும் சடங்கெல்லாம் அந்த அவமானத்தின் பேரப்பிள்ளைகள்.

இப்போது நம்ம கடலுக்கு வருவோம். பாக் நீரிணையை முதலில் நீந்தியது யார்? இந்திய ஆங்கிலக் குறிப்புகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் மிஹிர் சென். கல்கத்தா வழக்கறிஞர். 1966 ஏப்ரல் 5-6, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி, 25 மணி 36 நிமிஷம். நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர்தான். கணக்குப் போட்டால் மணிக்கு 1.2 கிலோமீட்டர்கூட இல்லை. இதே ஆள் 1958-இல் ஆங்கிலக் கால்வாயை 14 மணி 45 நிமிஷத்தில் கடந்தவர். அப்படியானால் தனுஷ்கோடிப் பக்கத்து நீவாடு அவரை எவ்வளவு பக்கவாட்டில் இழுத்திருக்கும் என்று அந்த ஒரு எண்ணே சொல்கிறது. அவரோடு இந்தியக் கடற்படையின் சுகன்யா, சாரதா என்ற இரண்டு கப்பல்கள் போயின.

ஆனால் அதற்கு 12 வருஷம் முன்னால், 1954-இல், யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்திருக்கிறார். சுமார் 27 மணி நேரம். அந்தப் பாதை நேர்கோட்டிலேயே 50 கிலோமீட்டருக்கு மேல், தனுஷ்கோடிப் பாதையைவிட ரொம்ப நீளம். ஈழத்தில் அவர் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. இந்தப் பக்கத்தில் நான் விசாரித்த பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இதைத் ‘தமிழனை மறைத்துவிட்டார்கள்’ என்று பொங்கி எழுதிவிட்டுப் போவது சுலபம். நானும் இரண்டு வருஷம் முன்னால் இதே இடத்தில் அப்படித்தான் எழுதியிருப்பேன். கொஞ்சம் கவனித்துப் படித்தால் சென் பற்றிய குறிப்புகளில் ‘பதிவான முதல் நீச்சல்’ என்ற சொல் வருகிறது. அந்தப் ‘பதிவான’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கடற்படைக் கப்பலில் லாக் புத்தகம் உண்டு, எழுதுவது அங்கே கடமை, எழுதியது டெல்லிக்குப் போகும். தொண்டைமானாற்று ஆளோடு கூடப் போனது ஊர்க்காரர்களின் படகு. சாட்சிகள் குறைவில்லை, சாட்சியின் தாளை வாங்கி வைக்கத்தான் ஒரு ஆபீஸ் இல்லை. அதே நேரம் என் நேர்மைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நையாடிடம் தாள் கேட்கிற நான் நவரத்தினசாமிக்கு மட்டும் சலுகை தர முடியாது. 1954-ஆம் வருஷத்து யாழ்ப்பாணப் பத்திரிகைகள், கோடியக்கரையில் அவரை வரவேற்றவர்களின் குறிப்புகள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பெருமைக்காக இல்லை, வரிசையில் அவருக்கு உரிய இடத்தில் வைப்பதற்காக.

இந்த வேலை சென்னுக்கும் பாக்கி இருக்கிறது என்பது வேடிக்கை. ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியர் என்று அவரைப் பல இடத்தில் எழுதுகிறார்கள். அதே 1958 ஆகஸ்டில், சென்னுக்கு ஒரு மாதம் முன்னால், டாக்காவைச் சேர்ந்த பிரோஜென் தாஸ் கடந்துவிட்டார். சென் முதல் இந்தியர். அதுவே போதுமான பெருமைதானே.

வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் 1971-இல் இந்தக் கடலைப் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் நீந்தினார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போதே இறந்துபோனார். ஒரு முழுப்படத்துக்கான வாழ்க்கை. யாராவது எடுத்தால், தயவுசெய்து படகில் இருந்து எழுதியவரையும் ஒரு பாத்திரமாக வையுங்கள். குற்றாலீஸ்வரன் கதையையும் நாம் இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை. வயது 12, எண்ணிக்கை ஆறு, பிறகு பண உதவி கிடைக்காமல் நீச்சலை விட்டுவிட்டுப் படிக்கப் போனார் என்ற மூன்று வரியைத்தான் முப்பது வருஷமாகத் திருப்பித் திருப்பி எழுதுகிறோம். அவர் கடைசியில் இன்ஜினியர் ஆனார் என்பதை எங்களை மாதிரி ஆட்கள் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் படிக்கிறோம். ஆனால் அந்த ஆறில் ஒன்றையாவது மணி மணியாக, என்ன குடித்தான், எப்போது அழுதான், எந்த நீவாடு எங்கே தள்ளியது என்று விவரிக்கும் ஒரு தமிழ்க் கட்டுரை என் கண்ணில் படவில்லை. அவனோடு போன படகுகளிலும் யாரோ உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்.

‘நையாட்’டைப் பார்க்கலாமா என்றால், பாருங்கள். பெனிங்குக்காகவும் ஃபாஸ்டருக்காகவும் பார்க்கலாம். வயதான உடம்பைக் கேமரா அருவருப்பில்லாமல் பார்க்கிற படங்கள் குறைவு. பார்த்து முடித்ததும் அந்த 53 மணி நேரத்தின் குறிப்புகளைத் தேடிப் படியுங்கள், இணையத்தில் கிடைக்கிறது. எழுத்து இருக்கிற இடங்களைவிட இல்லாத இடங்களில் எனக்குப் பார்வை அதிக நேரம் நின்றது. யாருக்கோ வாந்தி வந்திருக்கும், யாரோ ஐந்து நிமிஷம் கண்ணை மூடியிருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

முகாமிலிருந்து வந்து இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி ஆறு மணி நேரம் நீந்தப்போவதாக நண்பர் சொன்னார். அப்சர்வராக வேறு ஆளைப் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். என்னையே வரச் சொன்னாராம். இந்த முறை படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவோமின் மாத்திரை போட்டுக்கொண்டேன், காலையில் வெறும் இட்லி இரண்டு, தாளை மடியில் வைக்காமல் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடிக்க ஒரு அட்டை. தண்ணீர் 30 டிகிரி, பிப்ரவரியைவிட மூன்று கூட. அதனால் பாட்டிலில் ஐஸ் போட்டிருந்தோம், இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை வீசினோம். 8:40-க்குக் கை வீச்சு 58. 9:10-க்கு 57.